கூடுதல் கதையின் நாயகிகள்

எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டி வாழ்பவர்களுக்கு ‘விரிவாக்கம்’ பழகிய சொல். சாலைக்கு விரிவாக்கம், துறைமுகத்துக்கு விரிவாக்கம், அனல்மின் நிலையத்துக்கு விரிவாக்கம். 2021இல் வண்ணாரப்பேட்டையைத் தாண்டி விம்கோ நகர் வரை ஓடத் தொடங்கிய மெட்ரோவும் விரிவாக்கம் என்ற பெயரில்தான் வந்தது. அதனால்தானோ என்னவோ, வீடியோ கேம்களில் அதே சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழுகிறது: எது விரிவாக்கம், எது புதிது என்பதை முடிவுசெய்வது யார்?

கேம் விளையாடாத தோழிகளுக்காகச் சிறு விளக்கம். ஒரு கேம் வெளிவந்து விற்பனையான பிறகு, அதே உலகத்தில் நடக்கும் கூடுதல் கதையையோ புதிய இடங்களையோ தனியாக விற்பார்கள். அதுதான் எக்ஸ்பான்ஷன். பெரும்பாலும் மூல கேம் கையில் இருந்தால்தான் அதை விளையாட முடியும். விலையும் குறைவு, நேரமும் குறைவு. சீக்குவல் என்பது நம் சினிமா மொழியில் ‘பார்ட் டூ’. அது தனியாக நிற்கும், முழு விலைக்கு விற்கும். இந்த இரண்டுக்கும் நடுவே சில கேம்கள் மாட்டிக்கொள்கின்றன. கூடுதல் என்று அறிவித்திருப்பார்கள். விளையாடி முடித்தால் வேறொரு கேமை விளையாடியதுபோல் இருக்கும். இதற்கு இரண்டாம் பாகம் என்றே பெயர் வைத்திருக்கலாமே என்று தோன்றும்.

எப்போது அப்படித் தோன்றுகிறது என்பதற்கு விளையாடுபவர்களிடம் தயாரான அளவுகோல்கள் இருக்கின்றன. எத்தனை மணி நேரம் ஓடுகிறது, என்ன விலை, மூல கேம் இல்லாமல் ஓடுமா, ஆட்டமுறை எவ்வளவு மாறியிருக்கிறது. எல்லாம் நியாயமானவையே. ஆனால் இவற்றில் ஒன்று விடுபட்டுப்போகிறது: கதையின் நடுவில் நிற்பது யார்?

லாரா கிராஃப்ட் போலத் தொடக்கத்திலிருந்தே நாயகியாக வந்தவர்கள் உண்டு. ஆனால் ஆண் நாயகனோடு தொடங்கிய பெரிய தொடர்களில், ஒரு பெண் முதன்முறையாகத் தனியே நடுவில் வந்து நிற்கும் இடம் எது என்று பாருங்கள். ‘அசாசின்ஸ் கிரீட்’ தொடரில் 2012இல் நாயகியாக வந்த அவலின், டிவியில் ஓடும் பிரதான வரிசையில் வரவில்லை. கையடக்கக் கருவிக்கென்று செய்த கேமில் வந்தாள். ‘இன்ஃபேமஸ்’ தொடரின் ஃபெட்சுக்கு 2014இலும், ‘டிஸ்ஹானர்ட்’ தொடரின் பில்லி லர்க்குக்கு 2017இலும் கிடைத்தவை, தனியாக ஓடக்கூடிய, ஆனால் பிரதான பாகங்களைவிடச் சிறிய கேம்கள். நாயகனுக்குப் பாகம் பிரிக்கிறார்கள், நாயகிக்குக் கூடுதலில் இடம் ஒதுக்குகிறார்கள்.

இதில் சதி எதுவும் இல்லை; வணிகக் கணக்கு இருக்கிறது. பெண்ணை நடுவில் வைத்தால் விற்குமா என்ற சந்தேகத்தைக் குறைந்த செலவில் சோதித்துப் பார்க்க எக்ஸ்பான்ஷன் வசதியான இடம். தோற்றால் தொடருக்குச் சேதம் இல்லை. ஜெயித்தால் பெருமை தொடருக்கு. புது மருமகளை முதலில் சாதாரண நாள் சமையலுக்கு விட்டுப் பார்த்து, விசேஷத்துக்கு அப்புறம் யோசிக்கும் வீடுகள் நமக்குத் தெரியாதவையா?

வைஸ் சிட்டிக்கு மட்டும் எப்படி?

2000களில் ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர்கள் இருந்தன. பெண்பிள்ளைகள் அங்கே போனது பிளஸ் டூ ரிசல்ட் பார்க்க, விண்ணப்பம் பிரிண்ட் எடுக்க. வேலை முடிந்ததும் கிளம்பிவிட வேண்டும். பையன்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் திரைகளில் ஓடியது பெரும்பாலும் ‘கவுன்டர்-ஸ்டிரைக்’ அல்லது ‘ஜிடிஏ வைஸ் சிட்டி’.

இரண்டுமே இன்னொன்றின் ஒட்டாகத் தொடங்கியவை. ‘கவுன்டர்-ஸ்டிரைக்’, ‘ஹாஃப்-லைஃப்’ கேமை ரசிகர்கள் 1999இல் மாற்றியமைத்ததில் பிறந்தது. மறு ஆண்டே தனி கேமாக விற்பனைக்கு வந்தது. ‘வைஸ் சிட்டி’யோ முதலில் ‘ஜிடிஏ 3’க்கான கூடுதல் பகுதியாகத்தான் யோசிக்கப்பட்டது. வேலை வளர வளரத் தனி கேமாகி 2002இல் வெளிவந்தது. உள்ளே ஓடும் மென்பொருள் எந்திரம் முந்தைய கேமினுடையதே. ஊர் மாறியது, காலம் மாறியது, நாயகன் மாறினான். அதை எக்ஸ்பான்ஷன் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பெயரில் எண் இல்லாவிட்டாலும் அது தொடரின் பிரதான கேம் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை.

அந்த ஊரில் பெண்கள் எங்கே இருந்தார்கள்? பெரும்பாலும் தெருவோரத்தில். பணம் கொடுத்துப் பாலியல் தொழிலாளியைக் காரில் ஏற்றினால் நாயகனின் உடல்நலம் கூடும். மருந்துப் பெட்டி எடுப்பதற்கும் அதற்கும் விளையாட்டின் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. புதிய கேமாக ஏற்கப்படுவதற்கு நடுவில் இருப்பவர் வேறொரு ஆணாக இருந்தால் போதும், ஓரத்தில் இருப்பவர்கள் அப்படியே இருக்கலாம் என்பதற்கு ‘வைஸ் சிட்டி’ நல்ல சாட்சி.

ரிப்பன் கட்டிய வட்டம்

கூடுதலாகத் தொடங்கி அடுத்த பாகமாக ஆனதற்கு மிகப் பழைய உதாரணங்களில் ஒன்று பெண் பெயரில்தான் இருக்கிறது. 1980இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் ‘பேக்-மேன்’ வெளியிட்டது. ஆண்கள் நிறைந்திருந்த விளையாட்டுக் கூடங்களுக்குப் பெண்களையும் வரவழைக்கும் எண்ணத்தோடு அதை வடிவமைத்ததாக அதன் படைப்பாளி டோரு இவாடானி சொல்லியிருக்கிறார். அமெரிக்காவில் ஜெனரல் கம்ப்யூட்டர் கார்ப்பரேஷன் என்ற சிறு நிறுவனம், கூடங்களில் ஏற்கெனவே நிற்கும் இயந்திரங்களுக்குள் பொருத்தினால் ஆட்டம் புதிதாகிவிடும் மின்பலகைகளைச் செய்துவந்தது. ‘பேக்-மேன்’ இயந்திரத்துக்கு அவர்கள் செய்த பலகைக்கு ‘கிரேஸி ஓட்டோ’ என்று பெயர். அமெரிக்காவில் ‘பேக்-மேன்’ விற்றுவந்த மிட்வே நிறுவனம் அதை வாங்கி, 1982இல் ‘மிஸ். பேக்-மேன்’ என்ற தனி கேமாகவே வெளியிட்டது.

ஆட்டமாகப் பார்த்தால் அது இரண்டாம் பாகம் என்ற பெயருக்கு முழுத் தகுதி உடையது. ஒரே ஒரு புதிர்ப்பாதை இருந்த இடத்தில் நான்கு வந்தன. ஓரிடத்தில் நின்ற பழங்கள் நகரத் தொடங்கின. முந்தைய கேமில் பேய்கள் வரும் வழியை மனப்பாடம் செய்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு ஜெயிக்கலாம். இதில் பேய்களின் நடமாட்டத்தைக் கொஞ்சம் கணிக்க முடியாததாக ஆக்கினார்கள். மனப்பாடம் செல்லாது, பார்த்துத்தான் ஆட வேண்டும்.

நாயகியாகப் பார்த்தால்? அதே மஞ்சள் வட்டத்துக்கு ஒரு ரிப்பன், உதட்டுச் சாயம், கன்னத்தில் ஒரு மச்சம். இடைவேளைக் காட்சிகளில் அவள் பேக்-மேனைச் சந்திக்கிறாள், இருவரும் துரத்தி விளையாடுகிறார்கள், நாரை குழந்தையைக் கொண்டுவந்து போடுகிறது. ‘மிஸ்’ என்று வைத்தால் கல்யாணமாகாமல் குழந்தையா என்ற கேள்வி வரும், ‘மிஸஸ்’ நன்றாக இல்லை. இப்படி யோசித்துத்தான் திருமண நிலையைச் சொல்லாத அந்த மூன்றாவது அடைமொழிக்கு வந்தார்கள் என்பது அந்தக் கேமைப் பற்றிப் பலமுறை சொல்லப்பட்ட கதை. பெண்ணைக் கணவனை வைத்து அடையாளப்படுத்தாதே என்று பெண்ணியர்கள் போராடிப் பரவலாக்கிய அடைமொழி, ஒரு வட்டத்தின் கற்பைக் காப்பாற்றப் பயன்பட்டிருக்கிறது. செல்வியா, திருமதியா என்று இன்றும் விண்ணப்பத்தில் டிக் அடிக்கும் நமக்கு இந்த நகைச்சுவை புரியும்.

ஆக, ஆட்டம் முழுக்க மாறினாலும் நடுவிடம் மாறாமல் இருக்கலாம். அவள் ஆடுகிறாள், கதை இன்னும் அவனுடைய குடும்பக் கதையாகவே இருக்கிறது.

சரக்கு பேசும்போது

எதிர்ப்பக்கத்திலிருந்து ஓர் உதாரணம். 2013இல் வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ கேமில் நாயகன் ஜோயல், நாகரிகம் குலைந்த அமெரிக்காவில் பொருள் கடத்துபவன். எல்லி என்ற 14 வயதுச் சிறுமியைப் பத்திரமாக ஓரிடத்தில் சேர்ப்பது அவனுக்குக் கிடைத்த வேலை. தொடக்கத்தில் அவள் அவனுக்குக் கொண்டு சேர்க்க வேண்டிய ஒரு சரக்கு மட்டுமே. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ரோட்டைக் கடக்கும் ஊர்க்காரியான எனக்கு அந்தச் சொல்லின் முதல் அர்த்தமும் தெரியும், தெருமுனையில் பெண்களைப் பார்த்துச் சொல்லப்படும் இரண்டாவது அர்த்தமும் தெரியும். இரண்டிலும் சரக்குக்கு வாய் கிடையாது. கேம் போகப் போக எல்லி வளர்கிறாள், ஒரு கட்டத்தில் அவளாகவே நாம் ஆடுகிறோம். என்றாலும் முதலும் முடிவும் ஜோயலின் கையில்.

2014 பிப்ரவரியில் இதற்கு ஒரு கூடுதல் பகுதி வந்தது: ‘லெஃப்ட் பிஹைண்ட்’. இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். மணிக்கணக்கை அளவுகோலாக வைத்தால் இது எக்ஸ்பான்ஷனிலும் சின்ன எக்ஸ்பான்ஷன். அதில் இரண்டு கதைகள் மாறி மாறி வருகின்றன. ஒன்றில், காயம்பட்டுக் கிடக்கும் ஜோயலுக்கு மருந்து தேடி எல்லி பனியில் அலைகிறாள். இப்போது பாதுகாக்கப்பட வேண்டியவன் அவன். மற்றதில், அதற்கு முந்தைய ஒரு நாளில், எல்லியும் அவள் தோழி ரைலியும் பாழடைந்த ஒரு ஷாப்பிங் மாலில் சுற்றுகிறார்கள். குடை ராட்டினம் ஓட்டுகிறார்கள், முகமூடிகள் மாட்டிப் பார்க்கிறார்கள், தண்ணீர்த் துப்பாக்கியால் அடித்துக்கொள்கிறார்கள்.

அங்கே ஒரு வீடியோ கேம் இயந்திரம் இருக்கிறது, ஆனால் உடைந்துவிட்டது. எல்லியைக் கண்ணை மூடச் சொல்லி, அந்தக் கேமில் என்ன நடக்கிறது என்று ரைலி வாயால் சொல்கிறாள். திரையில் நமக்குத் தெரிவது எல்லியின் முகம் மட்டுமே. ஒலி வருகிறது, நாம் பட்டன்களை அழுத்துகிறோம், அவள் முகத்தில் பயமும் சிரிப்பும் ஓடுகின்றன. இயந்திரத்துக்கு முன்னால் உட்கார இடம் கிடைக்காத பெண்கள் கதை சொல்லியே விளையாடியது இப்படித்தான் இருந்திருக்கும். அந்த மாலில்தான் இரு பெண்களும் முத்தமிட்டுக்கொள்கிறார்கள். அன்றே இருவருக்கும் நோய்க்கடி படுகிறது. எல்லி பிழைக்கிறாள், ரைலி இல்லை.

இதை விளையாடிய பிறகு மூல கேமுக்குத் திரும்பினால் அது பழைய கேமாக இல்லை. எல்லி சொல்லும் சின்னச் சின்ன வசனங்களுக்குப் பின்னால் ஒரு காதலும் ஒரு சாவும் வந்து நிற்கின்றன. 2020இல் ‘இரண்டாம் பாகம்’ என்ற பெயரோடே வந்த கேமில் எல்லி நாயகி, பெண்ணைக் காதலிப்பவள். கதையின் ஏறக்குறைய பாதியை ஆபி என்ற இன்னொரு பெண் எடுத்துக்கொள்கிறாள். அந்தப் பாகத்தின் கதவைத் திறந்தது இந்த மூன்று மணி நேரம்தான். என் கணக்கில் இரண்டாம் பாகம் தொடங்கியது 2020இல் அல்ல, 2014இல். மாற்றத்தின் பருமனை வைத்து இதை அளக்க முடியாது. நடுவிடம் எவ்வளவு நகர்ந்தது என்பதை வைத்தே அளக்க முடியும்.

யானைத் தந்தமும் ஆளில்லாத காடும்

இனி, பெயர்ச் சண்டை நேரடியாகவே நடந்த ஒரு கேம். அதுவும் நம் பக்கத்து மாநிலத்தில் நடப்பது. ‘அன்சார்ட்டட்’ தொடரின் நான்கு பிரதான பாகங்களிலும் நாயகன் நேதன் டிரேக் என்ற புதையல் வேட்டைக்காரன். நான்காம் பாகம் 2016இல் வந்து அவன் கதையை முடித்துவைத்தது. அதற்கான கூடுதல் கதையாகத் திட்டமிடப்பட்டதுதான் ‘தி லாஸ்ட் லெகசி’. வளர்ந்துகொண்டே போய் 2017 ஆகஸ்டில் தனி டிஸ்க்காக வெளிவந்தது, வழக்கமான விலையில் மூன்றில் இரண்டு பங்குக்கு. நாயகிகள் இருவர். இரண்டாம் பாகத்தில் டிரேக்கின் முன்னாள் காதலியாக அறிமுகமான குளோயி ஃபிரேசர். நான்காம் பாகத்தில் கூலிப்படைத் தலைவியாக வந்த, தென்னாப்பிரிக்காவின் கறுப்பினப் பெண் நடீன் ராஸ். ஒருத்தி நாயகனுக்குத் துணை, இன்னொருத்தி எதிரி; இருவருக்கும் அதுவரை இருந்த அடையாளம் அவனை வைத்துத்தான்.

இதை நான் ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய டிஸ்க்காக வாங்கி விளையாடினேன். முந்தைய கேமின் எந்திரம், ஏறுவது, தாவுவது, சுடுவது எல்லாம் அப்படியே. நேரமும் நான்காம் பாகத்தில் பாதிதான் இருக்கும். அதனால் இது கூடுதல்தான் என்பவர்களின் வாதத்தை ஒதுக்கித் தள்ள முடியாது. ஆனால் இரண்டு பெண்கள் ஜீப்பில் போகிறார்கள்; தொழில் பேசுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், ஒருத்தியின் பொய்யை இன்னொருத்தி கண்டுபிடிக்கிறாள், திரும்ப நம்பப் பழகுகிறார்கள். நான்கு பாகங்களில் இந்தத் தொடரால் எட்ட முடியாத இடம் அது. ‘வைஸ் சிட்டி’யும் பழைய எந்திரத்தில்தான் ஓடியது. அதற்கு மறுக்கப்படாத தகுதி இதற்கு மட்டும் ஏன் இழுபறியாகிறது?

அதே சமயம், பெண்கள் நடுவில் வந்துவிட்டார்கள் என்பதற்காக நான் கைதட்டிவிட்டுப் போகவும் முடியவில்லை. கதை நடப்பது மேற்குத் தொடர்ச்சி மலை. ஹொய்சாளர்களின் நகரங்களில் பிள்ளையாரின் தந்தம் ஒன்றைத் தேடுகிறார்கள். பேலூர், ஹளேபீடு என்று பெயர்கள் வருகின்றன. கேமில் அவை ஆறுகளும் அருவிகளும் சூழ்ந்த, ஆளில்லாத இடிபாடுகள். நிஜத்தில் இரண்டும் கர்நாடகாவின் ஹாசன் மாவட்டத்தில் பஸ் போய் நிற்கும் ஊர்கள். பேலூர் சென்னகேசவர் கோயிலில் இன்றும் பூசை நடக்கிறது. 2023இல் ஹொய்சாளர் கோயில்கள் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. கேமில் தொடக்கக் காட்சியின் கடைவீதியைத் தாண்டிவிட்டால், இந்தியர்கள் என்று எதிர்ப்படுபவர்கள் பெரும்பாலும் துப்பாக்கி ஏந்திய கிளர்ச்சிக்காரர்கள். அந்தக் காட்டில் தேன் எடுப்பவர்கள் இல்லை, ஆடு மேய்ப்பவர்கள் இல்லை, சுள்ளி பொறுக்கும் ஒரு கிழவி இல்லை.

குளோயி பாதி இந்தியர் என்று இந்தக் கேம் சொல்கிறது. அவள் அப்பா தேடிச் செத்த தந்தத்தைத்தான் அவள் தேடுகிறாள். ஆனால் அவளுக்குக் குரல் தந்தவர் வெள்ளையரான கிளாடியா பிளாக். கறுப்பினத்தவரான நடீனுக்குக் குரல் தந்தவரும் வெள்ளையரான லாரா பெய்லி. குரல்கள் முந்தைய பாகங்களிலேயே முடிவானவை என்பது உண்மை. பழைய பாகத்தின் ஓரத்தில் எடுத்த முடிவு, அந்த ஓரம் நடுவாகும்போது இப்படித்தான் உறுத்தும். இரண்டு பெண்களுக்கு ஒரு கேம் கிடைத்திருக்கிறது. அதற்காக ஒரு நாடு காலி செய்யப்பட்டிருக்கிறது.

காலி இடம்

விரிவாக்கத்துக்கு எப்போதும் ஒரு காலி இடம் தேவைப்படுகிறது. இல்லையென்றால் இருக்கும் இடத்தைக் காலி என்று எழுத வேண்டியிருக்கிறது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது கேம் அல்ல, எண்ணூர்.

கட்டுப்பள்ளித் துறைமுகத்தை எல்&டி நிறுவனத்திடமிருந்து அதானி குழுமம் 2018இல் வாங்கியது. அதன் பரப்பு 330 ஏக்கர். அதை 6,110 ஏக்கராக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. கடலைத் தூர்த்து உருவாக்கும் ஏறக்குறைய 2,000 ஏக்கரும் அதில் அடக்கம். ஆண்டுக்குச் சுமார் 2.5 கோடி டன் கையாளும் துறைமுகம் 32 கோடி டன் கையாளும். பரப்பில் 18 மடங்கு. இதற்கும் பெயர் விரிவாக்கம். 2021 ஜனவரியில் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் அறிவித்ததும் அப்படியே.

எண்ணூர் அனல்மின் நிலையத்தின் கதை இன்னும் விசித்திரம். 1970இல் தொடங்கி 450 மெகாவாட் வரை வளர்ந்த பழைய நிலையம் 2017இல் மூடப்பட்டுவிட்டது. அங்கே 660 மெகாவாட்டில் புதிதாகக் கட்டுவதன் பெயர் ‘எண்ணூர் அனல்மின் நிலைய விரிவாக்கம்’. மூலம் செத்துப்போய்விட்டது, கூடுதல் உயிரோடு இருக்கிறது. கேம் மொழியில் சொன்னால், மூல கேம் இல்லாமலே ஓடும் எக்ஸ்பான்ஷன்.

கேம்களில் நடப்பதற்கு இது நேர் எதிர். அங்கே புதிதாக ஆகிவிட்ட ஒன்றுக்குப் புதிது என்ற தகுதி மறுக்கப்படுகிறது. இங்கே புதிதாகவே இருக்கும் ஒன்று, புதிது என்று பார்க்கப்படாமல் இருக்க விரிவாக்கம் என்ற பெயரில் வருகிறது. புதிய துறைமுகம் என்றால் ‘எதற்கு, யாருக்கு, இங்கேயா?’ என்று முதலிலிருந்து கேட்போம். விரிவாக்கம் என்றால் அந்தக் கேள்விகளுக்கு ஏற்கெனவே பதில் சொல்லியாகிவிட்டது போன்ற தோற்றம் சொல்லிலேயே வந்துவிடுகிறது. பெயர் வைக்கும் அதிகாரம் உள்ளவர்கள், இரண்டு இடத்திலும் தமக்கு வசதியான சொல்லை எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்தக் காலி இடத்தில் யார் இருக்கிறார்கள்? பனையோலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் இரு கைகளாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் இருக்கிறார்கள். கரைக்கு வரும் மீனை ஏலத்தில் எடுத்துக் கூடையில் சுமந்து விற்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் எண்ணிக்கையில் வருவது மட்டும் கடினம். பழவேற்காடு பக்கம் மீன்பிடி உரிமை ‘பாடு’ முறையில் பகிரப்படுகிறது. பாட்டுக்கு உரியவர் தலைக்கட்டு. தலைக்கட்டு என்றால் ஆண். 2023 டிசம்பரில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது அறிவித்த நிவாரணம் குடும்பங்களைக் கணக்கிட்டது, படகுகளைக் கணக்கிட்டது. வெறுங்கையால் இறால் தடவுபவளுக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை. சேதமானது அவள் கை. அதற்குக் கணக்குப் புத்தகத்தில் பத்தி இல்லை.

ஆக, தொழிற்சாலையின் கணக்கில் ஊர் ஓரம். ஊரின் கணக்கில் அவள் ஓரம். ‘லாஸ்ட் லெகசி’யின் காட்டில் இல்லாமல்போன கிழவியும் இவளும் எனக்கு ஒருத்தியாகவே தெரிகிறார்கள். கேமையும் துறைமுகத்தையும் ஒன்று என்று சொல்லவில்லை. ஒன்றில் கற்பனை காலியாகிறது, மற்றதில் கழிமுகம் காலியாகிறது. ஆனால் நடுவிடம் யாருக்கு நகர்கிறது, அதற்காக யாருடைய இடம் வெற்றிடமாக வரையப்படுகிறது என்ற கேள்வி இரண்டுக்கும் பொது.

யாருக்கும் பாகமாக இல்லாமல்

அப்படியானால் பெண்களின் கதைகளுக்கெல்லாம் ‘பார்ட் டூ’ என்று பெயர் மாற்றச் சொல்கிறேனா? இல்லை. பார்ட் டூவும் யாரோ ஒருவரின் பார்ட் ஒன்றுக்குக் கடன்பட்டதுதான். 2018இல் வந்த ‘வட சென்னை’ படத்தின் பழிவாங்கும் கதையை உள்ளிருந்து நகர்த்துபவள் சந்திரா. இருந்தும் இரண்டாம் பாகம் எப்போது என்று எங்கள் பக்கத்தில் கேட்பவர்கள் கேட்பது அன்புவையும் ராஜனையும்தான்.

வேறு வழியும் இருக்கிறது. 2023இல் டொரன்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்ட ‘வெண்பா’, 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. ஒன்றரை மணி நேரம்தான் ஓடும். அம்மாவின் சமையல் குறிப்பேடு சிதைந்துவிட்டது; அழிந்த வரிகளை ஊகித்து வெண்பா இட்லி அவிக்க வேண்டும், புட்டு செய்ய வேண்டும். அடுப்படியில் நிற்கும் பெண்ணைக் காட்டுவதில் புதிதென்ன என்று கேட்கலாம். ஊகிப்பதை அந்தக் கேம் வேலையாக, அறிவாக எடுத்துக்கொள்கிறது என்பதே புதிது. எந்தத் தட்டு எந்தத் தட்டுக்கு மேல் போனால் ஆவி சரியாக ஏறும் என்று நாமே யோசித்துச் செய்கிறோம். கடைசியில் மகன் கவினின் கைக்கு ஆட்டம் மாறுகிறது. அம்மா மொழியைத் தட்டுத்தடுமாறிப் படித்து அவன் சமைக்கிறான். இங்கேயும் நடுவிடம் நகர்கிறது, ஆனால் அவள் வெற்றிடமாவதில்லை. அவள் கையெழுத்தைப் படித்தால்தான் அவனால் அடுத்த அடி எடுத்துவைக்க முடியும். 2024இல் அறிமுகக் கேமுக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது. எதனுடைய எத்தனையாவது பாகம் என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு கூடுதல் எப்போது இரண்டாம் பாகமாகிறது என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். மணி நேரத்தையும் விலையையும் குறித்துக்கொள்ளுங்கள், அவையும் தகவல்களே. அதற்குப் பிறகு இரண்டு கேள்விகள் கேளுங்கள். இதுவரை ஓரத்தில் நின்றவள் நடுவுக்கு வந்து, வந்த வழியெல்லாம் பழைய கதையை மாற்றியிருக்கிறாளா? மாற்றியிருந்தால் அது புதிய கேம், மூன்று மணி நேரமே ஓடினாலும். அவளுக்கு இடம் தர யாரையாவது காலி செய்திருக்கிறார்களா? செய்திருந்தால் அது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பழைய கதையின் நீட்சிதான்; நாயகர் பெயர் மட்டும் மாறியிருக்கிறது.

அடுத்த முறை ‘விரிவாக்கம்’ என்று ஓர் அறிவிப்பு வரும்போது, அது கேம் கடையின் திரையில் வந்தாலும் சரி, தாலுகா அலுவலகப் பலகையில் வந்தாலும் சரி, முதலில் வரைபடத்தைக் கேளுங்கள். அதில் வெள்ளையாக விட்டிருக்கும் இடத்தில் யார் நின்றுகொண்டிருக்கிறாள் என்று பாருங்கள்.